பிஸ்டன் இல்லாத லேலண்ட்
(மோட்டார் மண்: சேலம்–நாமக்கல் சமவெளியின் வண்டி வரலாறு – 17)

சென்ற இதழை 1955இல் நிறுத்தியிருந்தேன். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸில் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் பங்கு எடுத்தது. கம்பெனிக்கு அசோக் லேலண்ட் என்று பெயர் வந்தது. கோமெட் லாரிகள் சேலம் ஜில்லாவின் சாலைகளுக்கு இறங்கின. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரி வாங்கப் போகிறவரிடம் 'லேலண்டா, பென்ஸா?' என்று கேட்கும் பழக்கம் அந்தக் காலத்தில் பிறந்ததுதான்.

அதே லேலண்டின் தாய்க் கம்பெனி 1968இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சி அரங்கில் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதன் எஞ்சினில் பிஸ்டன் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை, தண்ணீர் ஊற்ற ரேடியேட்டரும் இல்லை. ஜெட் விமானத்துக்கு உயிர் கொடுக்கும் கேஸ் டர்பைனைச் சிறிதாக்கி லாரியின் கேபினுக்கு அடியில் வைத்திருந்தார்கள். சுமார் 350 முதல் 400 குதிரைத்திறன். நம் ஊர்ச் சாலையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த கோமெட்டின் திறன் ஏறத்தாழ 100 என்பதை நினைத்தால், அந்த லாரியைப் பார்த்த பொறியாளர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று புரியும். இனி லாரி என்றால் இதுதான் என்று அன்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணங்களும் இருந்தன.

அந்த லாரி நம் சமவெளிக்கு வரவே இல்லை. எங்கேயும் விற்பனைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லாமல் இந்த மண்ணின் லாரி வரலாற்றை எழுத முடியாது என்று நினைக்கிறேன். டீசல் எஞ்சின் இங்கே எப்படி வேரூன்றியது என்ற கேள்விக்கான பதிலில் பாதி அந்தத் தோல்வியில்தான் கிடக்கிறது.

மேட்டூர்ப் பக்கத்து ஆட்களுக்கு டர்பைன் புதிய விஷயம் அல்ல. அணையடி மின்நிலையத்தில் அதைத் தண்ணீர் சுழற்றுகிறது. அனல் மின் நிலையத்தில் நீராவி சுழற்றுகிறது. கேஸ் டர்பைனில் அந்த வேலையைச் செய்வது எரிந்த காற்று. முன்பக்கம் உள்ள கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தும். அழுத்திய காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் அடுப்புபோல விடாமல் எரியும். விரிந்து பாயும் அந்தச் சூடான காற்று இறக்கைகள் பதித்த சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்துக்குக் கிடைக்கும் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கம்ப்ரஸரே எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் வண்டிக்கு. மோட்டார் வண்டிகளில் இந்த மிச்சத்தை வாங்க இரண்டாவதாக ஒரு சக்கரம் தனித் தண்டில் இருக்கும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் மற்றது காற்றுப் பட்டே சுழலும் அல்லவா, அதே ஏற்பாடுதான். அதனால் வண்டி நின்றாலும் எஞ்சின் அடங்காது, மேட்டில் இழுக்க முடியாமல் 'ஆஃப்' ஆகவும் ஆகாது.

இந்த எஞ்சினின் குணமும் குற்றமும் இந்த அமைப்பிலேயே இருக்கின்றன. முன்னும் பின்னும் ஓடி அடிக்கும் பாகம் எதுவும் இல்லை, எல்லாமே சுழல்கின்றன. அதிர்வு இல்லை. மண்ணெண்ணெயோ டீசலோ தாவர எண்ணெயோ, எரிகிற திரவம் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வண்டி சும்மா நிற்கும்போதும் கம்ப்ரஸர் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றியே ஆக வேண்டும். அதற்கான எண்ணெய் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். முழுப் பாரத்தில், முழு வேகத்தில் ஓடும்போதுதான் அது சிக்கனம். நிற்கையிலும் ஊர்கையிலும் பெருஞ்செலவு. இந்த ஒரு குற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை முழுக்க அதுதான் துரத்துகிறது.

கதையின் தொடக்கம் இரண்டாம் உலகப் போர். ஃபிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் எஞ்சினைத் தொழிற்சாலையில் செய்துதரும் பொறுப்பு முதலில் ரோவர் கார் கம்பெனியிடம் வந்தது. விட்டிலுக்கும் ரோவர்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 1943இல் ரோல்ஸ் ராய்ஸ் தன்னுடைய மீட்டியர் டாங்கி எஞ்சினை ரோவரிடம் தந்துவிட்டு, ஜெட் வேலையை வாங்கிக்கொண்டது. ஜெட் கை நழுவினாலும் அதைத் தொட்டுப் பார்த்த நினைவு ரோவரின் பொறியாளர்களை விடவில்லை. மாரிஸ் வில்க்ஸும் ஸ்பென்சர் கிங்கும் சேர்ந்து உலகின் முதல் கேஸ் டர்பைன் காரை 1950 மார்ச்சில் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். மேல்மூடி இல்லாத இருவர் வண்டி. பதிவு எண் ஜெட் 1. 1952இல் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் அது மணிக்கு 152 மைல், அதாவது சுமார் 244 கிலோமீட்டர் வேகம் கண்டது. எண்ணெய்ச் செலவோ லிட்டருக்குச் சுமார் 2 கிலோமீட்டர். இன்று அந்த வண்டி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன்பின் ஆளாளுக்கு ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1953இல் ஃபயர்பேர்ட் செய்தது, ஃபியட் 1954இல் டர்பீனா செய்தது. ரெனோவின் நீல நிற எத்வால் ஃபிலாந்த் 1956இல் அமெரிக்காவின் பான்னவில் உப்புவெளியில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியது. இவை எல்லாம் தொழிற்சாலையின் சொந்தக் குழந்தைகள். ஓட்டியவர்கள் பந்தயக்காரர்களும் கம்பெனிப் பொறியாளர்களும். சாதாரண மனிதர்கள் கையில் டர்பைன் காரைக் கொடுத்துப் பார்க்கும் துணிவு ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் வந்தது. அந்தச் சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கிரைஸ்லர் கம்பெனியில் ஜார்ஜ் ஹியூப்னர் தலைமையில் ஒரு கூட்டம் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலிருந்தே டர்பைனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. நான்காம் தலைமுறை எஞ்சின் ஓரளவு கைவந்ததும், இத்தாலியின் தூரின் நகரில் கியா பட்டறையில் உடல் கட்டி, டெட்ராய்ட்டில் எஞ்சின் ஏற்றி, செம்பு கலந்த வெண்கல நிறத்தில் 55 கார்கள் செய்தார்கள். முதல் 5 மாதிரிகள். மீதி 50 காரும் பொதுமக்களுக்கு. விலைக்கு அல்ல. ஒரு குடும்பத்துக்கு 3 மாதம் வரை இலவசமாகக் கொடுப்பார்கள், எண்ணெய்ச் செலவு மட்டும் குடும்பத்தின் பொறுப்பு. ஓட்டிய அனுபவத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 30,000க்கும் மேற்பட்டவர்கள் கேட்டு எழுதினார்கள். 1963 அக்டோபர் முதல் 1966 ஜனவரி வரை 203 பேருக்குக் கார் கிடைத்தது. எல்லாக் கார்களும் சேர்ந்து 17 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடின.

அந்த 203 பேரின் நினைவுகள்தான் டர்பைன் கார் பற்றி உலகத்திடம் உள்ள உண்மையான சாட்சியம். அதிர்வே இல்லை என்றார்கள். ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. சத்தம் மட்டும் வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் இரைச்சல்போல இருந்தது, சிலருக்கு அது பிடிக்கவில்லை. கடுங்குளிரில் மற்றவர்களின் கார்கள் முனகிக்கொண்டிருக்கும்போது இது சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. ஆனால் உயரமான மலையூர்களில் ஸ்டார்ட்டர் தடுமாறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடிக்கும் மேல் யோசித்துவிட்டுத்தான் வண்டி பாய்ந்தது. நிமிடத்துக்கு 44,600 சுற்று வரை போகும் எஞ்சின் அது. சும்மா நிற்கும்போதே 20,000 சுற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். நகரச் சிக்னல்களில் நின்று நின்று போகிற குடும்பத்துக்கு எண்ணெய் எப்படிக் கட்டுபடியாகும்?

எண்ணெய் விஷயத்தில் ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தக் கார் மெக்சிகோவுக்குப் போனபோது அந்நாட்டு அதிபர் அடோல்ஃபோ லோபஸ் மாத்தேயோஸ், டெக்கீலா ஊற்றினால் ஓடுமா என்று கேட்டார். பொறியாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, ஓடும் என்றார்கள். டெக்கீலாவில் ஓட்டியும் காட்டினார்கள். நம் ரயில் பாதை ஓரம் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழையின் உறவுச் செடியிலிருந்து வடிப்பதுதான் அந்த மது. நிலக்கடலை எண்ணெயிலும் இந்த எஞ்சின் ஓடியது. ஈயம் கலந்த பெட்ரோல்தான் அதற்கு ஆகாது, இறக்கைகளில் ஈயப் படிவு ஒட்டிக்கொள்ளும். அந்நாளில் அமெரிக்காவின் பெரும்பாலான பங்க்குகளில் கிடைத்ததோ அந்தப் பெட்ரோல்தான்.

ராசிபுரத்துக்கும் எடப்பாடிக்கும் இடையில் மானாவாரிக் கடலை போட்டு வளர்ந்த நமக்குக் கடலை எண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றதும் காது கூர்மையாவது இயல்பு. ஆனால் இதில் டர்பைன் முந்திக்கொள்ளவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருந்தார்கள். எதையும் குடிக்கும் எஞ்சின் என்ற பெருமை டர்பைனுக்குக் கிடைத்தாலும், அந்தப் பெருமைக்கு ஊர்ச் சாலையில் பெரிய பயன் ஏதும் வாய்க்கவில்லை.

சோதனை முடிந்ததும் கிரைஸ்லர் அந்தக் கார்களைத் திரும்ப வாங்கி, 46 கார்களை அழித்தது. உடலை இத்தாலியிலிருந்து இறக்குமதி செய்ததற்கான வரி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பாகமும் பழுதுபார்க்க ஆளும் இல்லாமல் அவை பழைய கார்ச் சந்தைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையும் இருந்தது. 9 கார்கள் மிஞ்சின. காரணங்கள் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் இந்த இடம் மனதை அறுக்கிறது. பழைய லாரி எஞ்சினை ஜெனரேட்டருக்கோ கம்ப்ரஸருக்கோ மாற்றிப் பூட்டி, அது கடைசி மூச்சு விடும்வரை உழைக்கவைக்கும் ஊர் நம்முடையது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த 46 எஞ்சின்களை வேண்டுமென்றே நசுக்கியதை இங்குள்ள எந்தப் பட்டறைக்காரரும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

கிரைஸ்லர் சோதனைக்கு இருபது வருஷம் முன்னால் நம் சமவெளியே ஒரு பெரிய வண்டிச் சோதனைக்குள் போய்வந்தது. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. போவதற்கு முன் பர்மாவின் சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஆங்கிலேயர்களே அழித்தார்கள். நம் நாட்டுக்கு எண்ணெய் தந்துகொண்டிருந்த பர்மா அடைபட்டது. ஏற்கெனவே ரேஷனில் இருந்த பெட்ரோல் இன்னும் இறுகியது. பஸ் முதலாளிகள் கரியின் பக்கம் திரும்பினார்கள். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற கருவியைச் செய்து விற்றது. பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயர இரும்பு உருளை ஒன்று ஏறிக்கொண்டது. அதற்குள் விறகுக் கரியை நிரப்பிக் குறைந்த காற்றில் கனலவைத்தால், கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு நிறைந்த வாயுவைக் கக்கும். அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் விட்டார்கள்.

கரி பஸ்ஸைப் பார்த்த தலைமுறை இப்போது ஏறத்தாழ இல்லை. அவர்கள் சொல்லிக் கேட்ட நினைவு மட்டும் பல குடும்பங்களில் இருக்கிறது. விடியுமுன்பே கிளீனர் பையன் எழுந்து பின்னால் இருக்கும் ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கனல் பிடித்து நல்ல வாயு வரக் கால் மணி நேரமாவது ஆகும். கொஞ்சம் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஓட்டுநர் மெல்ல வாயுவுக்கு மாற்றுவார். பெட்ரோலில் கிடைத்த திறனில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடப்பார்கள், சில நேரம் தள்ளுவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் போகும் தூரத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ கரி போகும், அதனால் கூரைமேல் பயணிகளின் மூட்டையோடு கரி மூட்டையும் சேர்ந்துகொண்டது. வாயு கசிந்தால் தலை சுற்றும், அளவு மீறினால் உயிரே போகும். பொறியியலின் தராசில் வைத்தால் கிரைஸ்லரின் டர்பைனுக்கு இது பக்கத்தில் கூட நிற்காது.

ஆனாலும் அந்தக் கரி அடுப்பு போர் முடியும்வரை ஆயிரக்கணக்கான வண்டிகளை ஓட்டியது. தகடு வளைக்கவும் ரிவிட் அடிக்கவும் தெரிந்த எந்தக் கொல்லராலும் அதைச் சீர்செய்ய முடிந்தது. எரிபொருள் பக்கத்துக் காட்டில் இருந்தது. வடிகட்டி அடைத்தால் நடுவழியில் கழற்றித் தட்டிப் போட்டுவிட்டுப் போகலாம். பெட்ரோல் திரும்பி வந்ததும் எல்லோரும் அந்த உருளையைக் கழற்றி எறிந்தார்கள், அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. தன் காலத்துக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் போன கருவி அது. டர்பைனுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை, அதன் தகுதி எவ்வளவோ உயர்ந்ததாக இருந்தும்.

இப்போது லேலண்ட் லாரிக்கு வருவோம். 1967இல் லேலண்ட், ரோவர் கம்பெனியை வாங்கியபோது அதனோடு சாலிஹல்லில் இருந்த டர்பைன் கூட்டமும் வந்து சேர்ந்தது. அந்தக் கூட்டம் சும்மா இருந்த கூட்டம் அல்ல. பந்தய வண்டி கட்டும் பி.ஆர்.எம்.முடன் சேர்ந்து 1963இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டர்பைன் காரை இறக்கிப் பந்தயம் முழுதும் ஓட்டி முடித்திருந்தார்கள். 1965இல் கிரகாம் ஹில்லும் ஜாக்கி ஸ்டூவர்ட்டும் ஓட்ட, அதன் புதிய வடிவம் பத்தாவதாக வந்தது. இரண்டாவது வண்டியில்தான் முக்கியமான ஒரு சேர்க்கை இருந்தது. வெளியே வீணாகும் புகையின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும், மெல்லச் சுழலும் பீங்கான் தட்டுகள் அவை. டர்பைனின் எண்ணெய்ப் பசியை அடக்க அதுவே வழி. லேலண்டின் 1968 லாரியிலும் அதே பீங்கான் தட்டுகள். நோயல் பென்னி என்ற பொறியாளர் அந்த வேலையை முன்னின்று நடத்தினார். எண்ணெய்க் கம்பெனிகளின் டேங்கர் வேலைகளில் சில லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். டீசலுக்கு நிகரான எண்ணெய்ச் செலவு என்பதுதான் இலக்கு. பீங்கான் தட்டுகள் விரிசல் விட்டன, அவற்றின் ஓரத்துச் சீல்கள் கசிந்தன. 1973இல் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. அதற்கு முன்பே, 1972இல், பென்னி வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கியிருந்தார். 1970களின் நடுவில் லேலண்ட் லாரித் திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்காவிலோ 1970இன் தூய காற்றுச் சட்டம் நைட்ரஜன் ஆக்ஸைடுகளுக்கு வரம்பு கட்டியது, கடுஞ்சூட்டில் எரியும் டர்பைனுக்கு அது இன்னொரு அடி.

இது வரை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் மேலும் சில தெரியும்.

ஒன்று தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தக் கணவாயின் பெயரைச் சொன்னால் எந்த லாரி ஓட்டுநருக்கும் முகம் மாறும். பாரம் ஏற்றிய லாரியை அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறக்க முடியாது. கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறக்க வேண்டும். நியூட்ரலில் இறக்கியவர்களின் கதைகள் அந்தச் சாலையோரம் எத்தனையோ. பிஸ்டன் எஞ்சின் இயல்பிலேயே செய்யும் அந்தக் காரியத்தை இரண்டு தண்டு டர்பைன் இயல்பில் செய்யாது. சக்கரத்தோடு பிணைந்திருப்பது இரண்டாவது சுழலி மட்டும், கம்ப்ரஸரோடு அதற்குப் பிணைப்பில்லை. கிரைஸ்லர்காரர்கள் காற்று பாயும் திசையைத் திருப்பும் அசையும் நாசில்களை வைத்துத்தான் எஞ்சின் பிரேக்கை வரவழைத்தார்கள். கடுஞ்சூட்டில் அசைய வேண்டிய இன்னொரு நுட்பமான பாகம், சிக்கிக்கொள்ள இன்னொரு இடம்.

தூசி இன்னொன்று. கிரைஸ்லரின் 130 குதிரைத்திறன் டர்பைன் முழு வேகத்தில் நொடிக்கு ஒரு கிலோ காற்றை விழுங்கியது. அதே திறன் கொண்ட பிஸ்டன் எஞ்சின் விழுங்குவதைப்போலப் பல மடங்கு. சித்திரை மாதத்தில் ஓமலூர்ச் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி போகும்போது எழும் செம்மண்ணை எந்த வடிகட்டி தாங்கும்? அந்தத் தூசி கம்ப்ரஸர் இறக்கைகளை அரித்துத் தேய்த்துவிடும்.

காத்திருப்பு அடுத்தது. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் மாக்னசைட்டும் ஏற்ற வரிசையில் நிற்பது, செக்போஸ்ட்டில் நிற்பது, எடைமேடையில் நிற்பது, ரயில்வே கேட்டில் நிற்பது என்று அந்நாள் லாரி ஓடியதைவிட நின்ற நேரமே அதிகமோ என்று தோன்றும். டீசல் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பலாம், ஓடவிட்டாலும் சொற்ப எண்ணெயில் முனகிக்கொண்டிருக்கும். டர்பைன் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முதலாளியின் பணப்பையில் ஓட்டை.

எல்லாவற்றுக்கும் மேலே பட்டறை. சேலம் லாரி நாக்பூரில் நின்றாலும் விஜயவாடாவில் நின்றாலும், எஞ்சினைத் திறந்து லைனர் மாற்ற, ரிங் போட, கிராங்கைக் கிரைண்டிங் பிடிக்க, பம்பும் நாசிலும் சரிபார்க்க அங்கேயே ஒரு மேஸ்திரி இருப்பார். இந்த வேலைகளைக் கற்ற கைகளால்தான் நம் சமவெளி இந்தியாவின் லாரி மண்ணாக ஆனது. டர்பைனின் இறக்கைச் சக்கரமோ நிக்கல் உலோகக் கலவையில் நுட்பமாக வார்க்கப்படுவது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றில் இம்மியும் அசையாதபடி சமன் செய்யப்படுவது. ஓர் இறக்கையில் கீறல் விழுந்தால் அதை ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். சாலையோரத்தில் எந்த மேஸ்திரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. லாரியின் எஞ்சின் எது என்பதை அது நிற்கும் நேரமும் இறங்கும் சரிவும் திறக்கிற கையும் முடிவு செய்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏர்ல்ஸ் கோர்ட் மேடையில் இந்த மூன்றுமே இல்லை.

டர்பைன் தனக்கேற்ற இடங்களைத் தேடிக்கொண்டது. விமானத்தில் ராஜாவாக இருக்கிறது. சென்னை பேசின் பிரிட்ஜிலும் ராமநாதபுரம் வழுதூரிலும் மின்சாரம் செய்கிறது. காரில் தோற்ற கிரைஸ்லர் கம்பெனியே அமெரிக்க ராணுவத்துக்கு வடிவமைத்த ஏப்ராம்ஸ் டாங்கியில் 1,500 குதிரைத்திறன் டர்பைன் இருக்கிறது. 2010இல் டாடாவின் கைக்கு வந்திருந்த ஜாகுவார், பாரிஸ் கண்காட்சியில் சி-எக்ஸ்75 என்ற மாதிரிக் காரில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற இரண்டு சிறிய டர்பைன்களை வைத்துக் காட்டியது. எப்போதும் ஒரே வேகத்தில் சுழலலாம், சும்மா நிற்க வேண்டியதில்லை என்பதால் இந்த யோசனை பழைய குற்றத்துக்கு நல்ல மருந்துதான். இரண்டு வருஷத்தில் அந்தத் திட்டமும் நின்றது.

ஆனால் நாமக்கல் லாரியில் டர்பைன் இல்லை என்று சொன்னால் அது பொய். இன்று நம் ஊரில் ஓடும் ஏறக்குறைய எல்லா லாரியிலும் ஒரு கேஸ் டர்பைன் இருக்கிறது, உள்ளங்கை அகலத்தில். டர்போ என்று எல்லோரும் சொல்லும் டர்போசார்ஜர் அதுதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905இலேயே காப்புரிமை வாங்கிய யோசனை. டர்பைனின் எல்லாக் குற்றங்களுக்கும் இங்கே பரிகாரம் கிடைத்துவிட்டது. சும்மா நிற்கும்போது எரிய வேண்டிய வேலையைப் பிஸ்டன் ஏற்றுக்கொள்கிறது, தொப்பூரில் இறங்கும்போது வண்டியைப் பிடிப்பதும் பிஸ்டன்தான். டர்பைன் முழுப் பாரத்தில் மட்டும் தன் முழுத் திறமையைக் காட்டினால் போதும்.

இந்தியாவில் 2000க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு படிப்படியாக இறுகியதும், டர்போ இல்லாத லாரி எஞ்சின்கள் மறைந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது அது எஞ்சினின் பிரிக்க முடியாத உறுப்பாகிவிட்டிருந்தது. அந்தச் சிறிய சக்கரமும் நிக்கல் கலவைதான், நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தொடும் வேகம்தான். ரோவர்காரர்களும் கிரைஸ்லர்காரர்களும் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே உலோகமும் அதே வேகமும் இன்று கடையில் பெட்டியில் அடைத்துக் கிடைக்கின்றன. அதைத் தமிழ்நாட்டிலேயே செய்கிறார்கள். 1980களில் டி.வி.எஸ். வழிவந்த நிறுவனங்கள் ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டர்போ எனர்ஜி இந்தத் தொழிலில் முன்னோடி. போர்க்காலத்தில் கரி வாயு உருளையைச் செய்து நம் பஸ்களுக்குக் கொடுத்த அதே குடும்பத்தின் கிளை, இரண்டு தலைமுறைக்குப் பிறகு டர்பைனையும் கொண்டுவந்து சேர்த்தது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தரும் தொடர்ச்சி.

பட்டறைகளும் மாறிவிட்டன. 'டர்போ ஆயில் விடுதுங்க அண்ணே' என்று வண்டியை நிறுத்தினால், சைலன்சர் புகையின் நிறத்தைப் பார்த்தே சீல் போயிருக்கிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடும் மேஸ்திரிகள் வந்துவிட்டார்கள். தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்து எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று கணிக்கிறார்கள். பழைய ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று கூடியிருக்கிறது: 'நீண்ட தூரம் வந்தா உடனே அணைக்காதப்பா, ரெண்டு நிமிசம் ஓடவிட்டு அணை.' எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நிற்கும், செக்கச் சிவந்த சக்கரத்தின் சூடு தண்டு வழியாக ஏறி பேரிங்கில் தங்கிய எண்ணெயைக் கரியாக்கிவிடும். டர்பைனைச் சும்மா ஓடவிடுவது நஷ்டம் என்று லேலண்ட் லாரியில் படித்த பாடம், டர்போவில் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் தலைகீழாகிறது.

முழுப் பாரத்தில் மணிக்கணக்காக நகராமல் நின்று உழைக்கும் எஞ்சின்கள் நம் சமவெளியில் ஒரு வண்டியில் மட்டும் உண்டு, திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக். பழைய டர்பைன்காரர்கள் அதைப் பார்த்திருந்தால் தங்கள் எஞ்சினுக்கு ஏற்ற வேலை இதுதான் என்று சொல்லியிருக்கக்கூடும். அந்த வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போன கதை அடுத்த இதழில்.